பத்துக் குப்பிக்கு ஒரு குப்பி

1955 நவம்பர் 14, திங்கள்

கருவாட்டுக் கிட்டங்கியில் ஒரு வாரம் படுத்தால் மூக்கு செத்துவிடும் என்றார்கள். இன்று மூன்றாவது நாள். இன்னும் சாகவில்லை.

நாகர்கோவில் பஸ் பட்டறையில் நாலு வருஷம் ஸ்பானர் பிடித்தவன், தேங்காய்ப்பட்டணத்தில் நெத்திலிக்கும் வாளைக்கும் நடுவில் பாய் விரித்துக் கிடக்கிறேன். போனஸ் கேட்டு மனு எழுதினோம். பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டோம். வேலை போனது எழுதினவனுக்கு மட்டும். மற்ற பதினேழு பேரும் எனக்காக ரொம்ப வருத்தப்பட்டார்கள். வருத்தத்தோடேயே வேலைக்குப் போனார்கள்.

புது முதலாளி குமாரதாஸ். கருவாட்டு வியாபாரம், ஒரு வள்ளம், இரண்டு வலை, எப்போதும் வெளுத்த வேட்டி. கொச்சியில் பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் ஒரு பழைய மோட்டார் எடுத்து வந்திருக்கிறார். வள்ளத்தின் பின்பக்கம் மாட்டுகிற மோட்டார். இந்தக் கரையில் இதுதான் முதல். அதை ஓட வைப்பது என் வேலை. ஓட்டிக்கொண்டு கடலுக்குப் போவது மீன்பிடிக்கிறவர்கள் வேலை. நல்லது. எனக்குக் கடலைப் பார்த்தாலே குமட்டும்.

மோட்டாரைப் பார்த்தேன். சண்டைக்குப் போய்விட்டு பென்ஷன் கிடைக்காமல் வந்த கிழவன் மாதிரி இருக்கிறது. எண்ணெய் எவ்வளவு கலக்க வேண்டும் என்று எழுதியிருந்த தகட்டை உப்பு தின்றுவிட்டது. மற்ற எழுத்தெல்லாம் இருக்கிறது. அது மட்டும் இல்லை.

நவம்பர் 16

பஸ் எஞ்சினுக்கு எண்ணெய் தனி, பெட்ரோல் தனி. இதற்கு இரண்டையும் கலந்துதான் ஊற்ற வேண்டும். பெட்ரோல் எரியும். எண்ணெய் போகிற வழியில் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழவழப்புக் கொடுத்துவிட்டுப் புகையாக வெளியேறும். எண்ணெய் கூடினால் புகை, பிளக்கில் கரி. குறைந்தால் இரும்பு உரசும், சூடாகும், இறுகும். எல்லாம் எவ்வளவு என்பதில்தான்.

குமாரதாஸ் சொல்கிறார்: “கொச்சியில வித்த ஆளு பறைஞ்சான்லே. பத்துக் குப்பி பெட்ரோலுக்கு ஒரு குப்பி எண்ணெ. அதுல ஒரு சொட்டு கொறையப்படாது, கேட்டியா?”

விற்றவன் சொன்னதாம். விற்றவன் எண்ணெயும் விற்கிறவனாக இருந்தால் ஐந்துக்கு ஒன்று என்றிருப்பான்.

நவம்பர் 18

எந்த எண்ணெய் என்பது அடுத்த ரகளை. இந்தக் கரையில் ஆளுக்கொரு எண்ணெய் சொல்கிறார்கள்.

வள்ளத்தில் போகிறவர்கள் மூன்று பேர். மூத்தவர் சிலுவை, நாற்பது வயது, அதிகம் பேசமாட்டார். அவரோடு ஞானதாசன், அவன் பேசவே மாட்டான். இருவருக்கும் சேர்த்துப் பேச கிளீட்டஸ், என் வயசுக்காரன்.

கிளீட்டஸ் சொன்னான்: “வள்ளத்துக்கு ஆயுசு குடுக்கது புன்னெண்ணெ. எஞ்சினும் வள்ளத்துலதானே இருக்கு? அதையே ஊத்து மக்கா.”

“நீயும் வள்ளத்துலதான் இருக்கே. ஒனக்கும் ஊத்தட்டா?”

சிரித்தான். ஆனால் வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். மூன்று காலி அரிஷ்டக் குப்பிகள் எடுத்தேன். மூன்றிலும் பெட்ரோல். ஒன்றில் புன்னெண்ணெய், ஒன்றில் ஆமணக்கெண்ணெய், ஒன்றில் லாரிக்கு ஊற்றுகிற முப்பதாம் நம்பர் எண்ணெய். குலுக்கி ஜன்னலில் வைத்தேன். இன்று காலையில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். புன்னெண்ணெய்க் குப்பியில் பச்சையாகப் பிசின் ஒட்டியிருந்தது. ஆமணக்கு பிரிந்து அடியில் போய்ப் படுத்துவிட்டது. லாரி எண்ணெய் மட்டும் கலந்தபடியே, தேன் நிறத்தில்.

சிலுவை குப்பியை வெயிலில் தூக்கிப் பார்த்தார். “இது மூத்திரம் மாதிரி இருக்கு” என்றார். அவ்வளவுதான். முடிவாகிவிட்டது.

நவம்பர் 20, ஞாயிறு

இன்று மோட்டாருக்கு ஞானஸ்நானம். பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரைக் கரைக்குக் கூட்டி வந்தார்கள். எங்கள் வீட்டில் வேறு வழிபாடு; தலையில் துண்டு கட்டிக்கொண்டுதான் கும்பிடுவார்கள். நான் அந்தத் துண்டால் கிரீஸ் துடைக்கிறேன். ஆனாலும் ஒதுங்கி மரியாதையாக நின்றேன்.

சாமியார் நல்ல மனுஷர். கை தாராளம். டாங்கி மூடி திறந்திருந்ததை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. தீர்த்தம் தெளித்தார், இன்னும் தெளித்தார், பாட்டுப் பாடி இன்னொரு தடவை தெளித்தார். கிளீட்டஸ் கயிற்றைச் சுற்றி இழுத்தான். மோட்டார் இரண்டு தடவை இருமி அடங்கிவிட்டது.

கார்புரேட்டரைக் கழற்றி, உள்ளே நின்ற தண்ணீரை மணலில் கவிழ்த்தேன். கூட்டம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒரு கிழவி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

சாமியார்தான் முதலில் சிரித்தார். “கர்த்தர் தண்ணி மேல நடந்தாரு. தண்ணி எஞ்சினுக்குள்ள நடக்கப்படாது போல” என்றார். எனக்கு அவரைக் கொஞ்சம் பிடித்துவிட்டது. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நவம்பர் 22

ஓடியது. பத்துக்கு ஒன்று. ஊரே கரையில். ஆறு கடலில் விழுகிற பொழியைத் தாண்டி, காற்றுக்கு நேர் எதிராக, பாய் விரிக்காமல் ஒரு வள்ளம் போகிறதை முதல் தடவையாகப் பார்த்தார்கள். புகைதான் கொஞ்சம் அதிகம். வள்ளம் கண்ணுக்குத் தெரியாமல் போனபிறகும் புகை தெரிந்தது.

நவம்பர் 29

வேளாங்கண்ணி அக்கா கூடையோடு வந்து கிட்டங்கி வாசலில் நின்றுகொண்டாள். சிலுவையின் பெண்டாட்டி. மீன் சுமந்து பக்கத்து ஊர்களில் விற்கிறவள். நாக்கில் முள் இருக்கிறது.

“ஏலே பொன்னுலிங்கம், இந்த மீன வாங்குனவ திரும்ப எம் மூஞ்சியில எறிஞ்சிட்டா. மோட்டார் பஸ்ஸ அவிச்சு வச்ச மாதிரி இருக்காம்.”

“புகை பட்டிருக்கும் அக்கா. நல்லா கழுவி…”

“ஒன்னக் கழுவணும் மொதல்ல.”

டிசம்பர் 3

இன்றுதான் புரிந்தது. புரிந்ததிலிருந்து காது சூடாக இருக்கிறது.

மீன் விற்ற காசில் முதலில் பெட்ரோலும் எண்ணெயும் கழியும். மிச்சத்தில் வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒன்றரைப் பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. வள்ளம், வலை, எஞ்சின் மூன்றும் குமாரதாஸ். எஞ்சினுக்கு ஒன்றரை! சிலுவைக்கு நாலு பிள்ளை, அவருக்கு ஒன்று. எஞ்சினுக்கு எத்தனை பிள்ளை?

அது இருக்கட்டும். ரிப்பேர் வந்தால் யார் செலவு? முதலாளி. எண்ணெய் யார் செலவு? எல்லாருக்கும் பொது. எண்ணெய் எதற்கு? ரிப்பேர் வராமல் இருக்க. அதாவது அவருடைய மோட்டாருக்கு இவர்கள் தங்கள் வயிற்றிலிருந்து எண்ணெய் எடுத்துத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள். ஒரு சொட்டு குறையக்கூடாது என்று அவர் ஏன் சொல்லமாட்டார்?

சிலுவையிடம் சொன்னேன். வலையிலிருந்து தலையைத் தூக்காமல், “எஞ்சின் ஓடுனா போதும் மக்கா” என்றார். இப்படிப்பட்ட ஆட்களுக்காகத்தான் ஒருவன் கோபப்பட வேண்டியிருக்கிறது; அவர்களுக்காக அவர்களே படுவதில்லை.

டிசம்பர் 9

நாகர்கோவில் போனேன், பிளக் வாங்க. பழைய பட்டறைக்குப் பின்னால் சாமான் கடை வைத்திருக்கிறவரிடம் ஒரு மடித்த தாள் இருந்தது. சீமையிலிருந்து வந்த விளம்பரம். இதே மாதிரி வள்ளத்து மோட்டார்களின் படம். என் நாலாம் பாரம் இங்கிலீஷுக்கு அது போதும்: பெட்ரோல் இருபத்துநாலு, எண்ணெய் ஒன்று.

இருபத்துநாலு!

கடைக்காரர் தாளைக் கொடுக்கமாட்டேன் என்றார். கையிலேயே எழுதிக்கொண்டேன், பேனாவால், உள்ளங்கையில். பஸ்ஸில் வரும்போது இரண்டு தடவை திறந்து பார்த்தேன். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம்.

டிசம்பர் 12

ஒரே நாளில் குறைத்தால் தெரிந்துவிடும். இன்று பதினாறுக்கு ஒன்று. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிலுவை யோசிப்பார், கிளீட்டஸ் ஊருக்குச் சொல்வான். பங்கு கூடும்போது தெரிந்துகொள்ளட்டும்.

டிசம்பர் 15

இருபதுக்கு ஒன்று. புகை பாதியாகிவிட்டது. வேகம்கூடக் கூடியிருக்கிறது என்கிறான் கிளீட்டஸ். வேளாங்கண்ணி அக்கா இரண்டு விளமீனை வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தாள். “இப்பந்தான் மீன் மாதிரி மணக்கு” என்றாள். எனக்குப் பட்டறையில் நாலு வருஷத்தில் ஒருத்தரும் ஒரு வாழைப்பழம்கூடக் கொடுத்ததில்லை.

டிசம்பர் 17

இருபத்துநாலு. புகையே இல்லை.

குமாரதாஸ் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்தார். “ஏலே, பொகையக் காணலியே?”

“வாடைக்காத்துல்லா அடிக்கு மொதலாளி. பொகை நிக்காது.”

முகத்தைப் பார்த்துச் சொன்னேன். முதலாளியிடம் பொய் சொல்வது பொய்யில் சேராது என்று முன்பு யாரிடமோ வாதாடியிருக்கிறேன். இன்று சொல்லிப் பார்த்ததில் நன்றாகவே இருந்தது.

இன்னொரு வேலையும் செய்தேன். பாய்மரமும் பாயும் வலிக்கிற தண்டு இரண்டும் வள்ளத்தில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. “மிஷின் இருக்கும்போ எதுக்கு அண்ணே இந்தச் சொமை? நாலு கூடை மீன் கூடுதலா கொள்ளும்” என்றேன். சிலுவை நெடுநேரம் பாயைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு இறக்கிக் கொட்டகையில் வைத்தார். திசை திருப்ப ஒரு துடுப்பு மட்டும் உள்ளே.

டிசம்பர் 21

சிலுவை சொன்னார்: “எஞ்சின் தொண்டை கெட்டுனவன் மாதிரி கத்துது. முந்தி இப்பிடி இல்ல.”

தொட்டுப் பார்த்தேன். சூடுதான். எஞ்சின் என்றால் சூடாகத்தான் இருக்கும். கடலைப் பற்றி நான் அவருக்குச் சொல்வதில்லை. எஞ்சினைப் பற்றி அவர் எனக்குச் சொல்ல வேண்டுமா?

டிசம்பர் 23, வெள்ளி

மூன்று மணி. விடியுமுன் போனவர்கள். பதினொரு மணிக்கு வர வேண்டியவர்கள். வரவில்லை.

ஐந்து மணி. தரையிலிருந்து கடலைப் பார்த்துக் காற்று. கிழக்கே போன கட்டுமரமெல்லாம் வந்துவிட்டது. ஒருவரும் பார்க்கவில்லை என்கிறார்கள்.

வேளாங்கண்ணி அக்கா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். கொட்டகைக்குள் போனாள், வெளியே வந்தாள், என் முன்னால் நின்றாள்.

“மரமும் பாயும் இங்கன கெடக்கு. அவிய எங்கலே?”

டிசம்பர் 24

நாலு கட்டுமரம் தேடப் போயிருக்கிறது.

துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றேன். வெயிலுக்காகத்தான்.

டிசம்பர் 25, ஞாயிறு

வந்துவிட்டார்கள். மூன்று பேரும். உயிரோடு.

பூசை நடந்துகொண்டிருந்தது. நான் கோயில் வாசலுக்கு வெளியே மணலில் உட்கார்ந்திருந்தேன். யாரோ ரோட்டில் வருகிற மாதிரி இருந்தது. பார்த்தால் சிலுவை, பின்னால் ஞானதாசன், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கிளீட்டஸ். யாரோ கொடுத்த சட்டைகள். சிலுவை என்னைத் தாண்டி நேராக உள்ளே போனார். உள்ளே ஒரு சத்தம் எழுந்தது. அதை எப்படி எழுதுவது? எழுதவில்லை. சாமியார் பூசையை நிறுத்தவில்லை. லத்தீன் ஜெபத்தை மட்டும் வேகமாகச் சொன்னார்.

கிளீட்டஸ் உள்ளே போகாமல் என் பக்கத்தில் விழுந்தான். கை இரண்டிலும் தோல் இல்லை. ஒன்பது மணிக்கு மோட்டார் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றதாம். கயிறு இழுத்தால் அசையவில்லை. காற்று வெளியே தள்ளியது. வள்ளத்தின் உட்பலகையைப் பெயர்த்து, ஒரு துடுப்பும் இரண்டு பலகையுமாக ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுபடி ஒரு பகல். குடிதண்ணீர் முதல் நாளே தீர்ந்துவிட்டது. நேற்றுப் பொழுது சாய்கிற நேரத்தில் பூவார் கட்டுமரம் ஒன்று பார்த்து இழுத்துப் போயிருக்கிறது.

“ஞானதாசன் பேசினான் மக்கா” என்றான் கிளீட்டஸ். “கடல்ல வச்சு. ராத்திரி முழுக்க நிறுத்தாம பேசினான். எனக்குப் பேச்சு வரல்ல.”

டிசம்பர் 27

வள்ளம் வந்தது. மோட்டாரைப் பிரித்தேன். பிஸ்டனில் பூனை பிறாண்டின மாதிரிக் கோடுகள். அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் அப்பியிருக்கிறது. எண்ணெயே பார்க்காத உலோகம். சுத்தியலால் தட்டித்தான் பிரித்தேன்.

டிசம்பர் 28

நாகர்கோவில். கடைக்காரர் காலில் விழாத குறையாகத் தாளை வாங்கினேன். மடிப்பைப் பிரித்துப் பின்பக்கம் பார்த்தேன். அன்றைக்குப் பார்க்காத பக்கம்.

புது மோட்டாரில் ஊசி ஊசியாக உருளை வைத்த பேரிங். அதற்கு இருபத்துநாலு. பழைய மாடலில் வெறும் பித்தளைப் புஷ், உருளாது, உரசும். அதற்கு… சின்ன எழுத்தில், கோடு போட்டு… பத்துக்கு ஒன்று.

பித்தளைப் புஷ் என்று எனக்குத் தெரியும். நான்தான் கையால் துடைத்து மாட்டினேன்.

விற்றவன் உண்மை சொல்லியிருக்கிறான். குமாரதாஸ் உண்மை சொல்லியிருக்கிறார். ஒரு முதலாளி வாயிலிருந்து உண்மை வரமுடியும் என்பது என் கலவையில் இல்லை.

டிசம்பர் 29

கரை முழுக்கக் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். கிழவிகள் சொல்கிறார்கள், தீர்த்தத்தை மணலில் கொட்டின பாவம். குமாரதாஸ் சொல்கிறார், எண்ணெய்க் கடைக்காரன் கலப்படம் செய்துவிட்டான். கிளீட்டஸ் சொல்கிறான், முதலாளி நம் தலையில் ஓட்டை மோட்டாரைக் கட்டிவிட்டார். மூன்று கட்சி. என்னைச் சந்தேகப்படுகிற கட்சி ஒன்றுகூட இல்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கிளீட்டஸ் கட்சி ஜெயிக்கும். அது நல்ல கட்சி, எனக்குப் பிடித்த கட்சி. நானே உறுப்பினன்.

பதினேழு பேர் வருத்தத்தோடு வேலைக்குப் போனார்களே. நான் யாரைக் கேவலமாக நினைத்தேன்?

டிசம்பர் 30

சொல்லிவிட்டேன். கரையில், எல்லாரையும் வைத்து.

குமாரதாஸ் முதலில் புரியாமல் சிரித்தார். பிறகு, “கொலைகாரா, எம் மோட்டாரக் கொன்னுட்டியேலே!” மோட்டார். மூன்று பேர் இரண்டாம்பட்சம். அந்த நேரத்திலும் எனக்கு அது உறைத்தது. என் புத்தி அப்படி.

வேளாங்கண்ணி அக்கா கிட்டத்தில் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். “அந்த வெளமீனத் திருப்பித் தா” என்றாள்.

சிலுவை கடைசியில் பேசினார். “எங்களுக்கு நல்லது நெனச்சுத்தான் செஞ்சே. செரி. எங்ககிட்ட ஒரு வாக்கு கேட்டியா?”

இல்லை.

“கட்டுமரத்துல மரத்தைக் கெட்டுறவன் மரத்துலயே போவான். கரையில நிண்ணு கெட்டிக் குடுத்துட்டுத் தூங்கப் போற பழக்கம் எங்களுக்குக் கெடையாது. கெட்டு அவுந்தா அவனும் வெள்ளத்துலதான். இனி எண்ணெயும் அப்பிடித்தான். கலக்குறவன் ஏறணும்.”

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஞானதாசன்கூட.

அப்போதும் வெட்கமில்லாமல் வாயைத் திறந்தேன். “ஏறுதேன். ஆனா எண்ணெச் செலவு பொதுவுல போகப்படாது. எஞ்சினுக்கு ஒன்றரைப் பங்கு உண்டுல்லா? எஞ்சின் குடிக்க எண்ணெய எஞ்சின் பங்குல எடுக்கணும்.”

குமாரதாஸ் குதித்தார். என்னை அப்போதே ஓடச் சொன்னார். ஓடினால் யார் ரிப்பேர் பார்ப்பது என்று கிளீட்டஸ் கேட்டான். சிலுவை எழுந்து, கொட்டகையில் கிடந்த பாயைத் தோளில் போட்டுக்கொண்டார். “அப்பம் நாங்க பழையபடி பாயில போறோம் மொதலாளி. மோட்டார நீரு வீட்டுல வச்சு மாலை போடும்.”

பொழுது சாயுமுன் குமாரதாஸ் சம்மதித்தார்.

1956 ஜனவரி 13

அப்பின அலுமினியத்தைச் சுரண்டி, சிலிண்டரை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, பிஸ்டனுக்கு நாகர்கோவிலில் கடைசல் பிடித்து, பதினான்கு நாள். வலது தோள் தூக்க முடியவில்லை. முதல் நாலு நாளைக்கு எட்டுக்கு ஒன்று. அப்புறம் பத்து. பாதிப் பெட்ரோலில் எண்ணெயை ஊற்றிக் குலுக்கி, பிறகு மீதிப் பெட்ரோல், துணியில் வடிகட்டி டாங்கிக்கு. பாயும் மரமும் தண்டும் வள்ளத்தில்.

ஜனவரி 16

ஏறினேன். பொழி தாண்டினதும் வாந்தி. அப்புறம் வாந்தி. வயிற்றில் ஒன்றும் இல்லாதபோதும் வாந்தி. கிளீட்டஸ் சொன்னான்: “மீனுக்கு எர போடுதான் பாரு. நல்ல கோளு கெடைக்கும்.”

எஞ்சின் நிற்கவில்லை. சத்தம் மாறுகிறதா என்று ஒவ்வொரு நிமிஷமும் கேட்டுக்கொண்டிருந்தேன். கரையிலிருந்து கேட்கிற சத்தம் வேறு, நாலு பக்கமும் தண்ணீர் இருக்கும்போது கேட்கிற சத்தம் வேறு. சிலுவை அன்று ‘தொண்டை கட்டினவன்’ என்றது சரியான வார்த்தை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத வார்த்தை.

ஜனவரி 25

வாந்தி நாலு தடவை.

பிப்ரவரி 11

இன்று நடந்ததை எழுதும்போது கை சிரிக்கிறது. குமாரதாஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தினார்.

“ஏலே, பத்துக்கு ஒண்ணு வேணுமா? பொகை கூடுதலா இருக்கே. ஒரு பதினஞ்சுக்கு ஒண்ணு ஊத்திப் பாத்தா என்ன? புது மோட்டாருக்கு இருவத்துநாலுல்லா ஊத்துதாவ?”

எண்ணெய் அவர் பங்கில் போக ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

“ஒரு சொட்டு கொறையப்படாது மொதலாளி” என்றேன். அவருடைய வார்த்தை, அவருடைய ராகத்தோடேயே. நவம்பரில் நான் நின்ற இடத்தில் அவர், அவர் நின்ற இடத்தில் நான். நடுவில் அதே எண்ணெய் டின்.

மார்ச் 4

வாந்தி இல்லை. வேளாங்கண்ணி அக்கா மீன் எதுவும் தரவில்லை. ஆனால் “சாப்பிட்டியா?” என்று கேட்டாள்.

ஜூன் 9

மழை, அலை. ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. மோட்டாரைக் கழற்றிக் கிட்டங்கியில் தொங்கவிட்டு, பிளக் துளை வழியாக எண்ணெய் ஊற்றிச் சுற்றி வைத்தேன். வீட்டுக்குப் போனால் அம்மா என் சட்டையை முகர்ந்து பார்த்து, “ஒன்ன அந்தக் கடப்புறத்து ஆளுவ வந்து கேட்டா குடுத்திருவேன், எனக்கு இந்த நாத்தம் ஆவாது” என்றாள். எந்த நாற்றம்? என் மூக்கு எப்போது செத்தது என்று தெரியவில்லை.

அக்டோபர் 29

வலை உதறும்போது கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. கை சீமைப்பலா மாதிரி வீங்கியிருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன். போதும்.

நவம்பர் 1, வியாழன்

இன்று முதல் நாங்கள் மதராஸ் ராஜ்யம். நாகர்கோவிலில் ஊர்வலம், வெடி, மேளம். குமாரதாஸ் போவதாக ஏற்பாடு; புது வேட்டி, சந்தனப் பொட்டு. ஆனால் பொழிக்கு வெளியே சாளை மீன் கூட்டம் மின்னுகிறது என்று கட்டுமரக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ராஜ்யம் மாறினாலும் சாளை நிற்காது. சிலுவை வள்ளத்தைத் தயார் செய்யச் சொன்னார்.

என் கையால் குப்பியைப் பிடிக்கக்கூட முடியாது. நான் நடந்து கரைக்குப் போவதற்குள் குமாரதாஸ் அங்கே. “நீ அனங்காம இருலே. இன்னைக்கு நான் கலக்கி வச்சுட்டேன்” என்றார், வெகு கரிசனமாக. டின்னைப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. இருபதுக்கு ஒன்றுகூட இருக்காது.

நான் வாயைத் திறக்குமுன் சிலுவை சொன்னார்: “மொதலாளி கலக்குனா மொதலாளி ஏறணும்.”

“எனக்கு ஊர்வலத்துக்குப் போகணும்வே!”

“போவும். இத மணல்ல ஊத்திட்டு நாங்க வேற கலக்குதோம்.”

ஒரு டின் பெட்ரோல். மணலில். குமாரதாஸ் மணலைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், வட்டமாகக் கூடி நின்ற கரையைப் பார்த்தார். சாமியாரும் நின்றார். வேளாங்கண்ணி அக்கா, “ஏறும் மொதலாளி, நல்ல காத்து கெடைக்கும். ஒடம்புக்கு நல்லது” என்றாள்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். எண்ணெய்க் குப்பியை எடுத்தார். டின்னைத் திறந்து ஒரு குப்பி ஊற்றினார். யோசித்தார். கடலைப் பார்த்தார். இன்னும் அரைக் குப்பி.

“இப்பம் செரிதானே?”

“செரிதான்” என்றார் சிலுவை. “ஏறும்.”

ஏறினார். ஜனவரிக்குப் பிறகு இன்றுதான் வள்ளம் போவதை நான் கரையில் நின்று பார்க்கிறேன். என்ன புகை! பொழி தாண்டியும் புகை, பாறை தாண்டியும் புகை. அதற்குள் ஒரு வெள்ளை வேட்டி இரண்டு கையாலும் பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

“இன்னைக்கு மீன் நாறும்” என்றாள் வேளாங்கண்ணி அக்கா. குறையாகச் சொன்ன மாதிரி இல்லை.

ஒரு மணிக்குத் திரும்பினார்கள். வள்ளம் நிறையச் சாளை. குமாரதாஸை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். சந்தனம் இல்லை, வேட்டி வேட்டியாக இல்லை. மணலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து என் கையைப் பார்த்தார்.

“நாளைக்கு ஒனக்குச் சொகமாயிருமாலே?”